சிம்பிள்எக்ஸ் சாட் ரிவ்யூ: ஆப் அருமை, சர்வர் வாடகைய யாரு கட்டுறா?

சிம்பிள்எக்ஸ் சாட்ங்கற பிரைவேட் மெசேஜ் ஆப்ப ரொம்ப நாளா யூஸ் பண்ணிட்டு இருக்கேன், போன் ஆண்ட்ராய்டு, லேப்டாப் லினக்ஸ். பிரைவேட் மெசஞ்சர் ரிவ்யூனாலே எல்லாரும் என்க்ரிப்ஷன் எப்படினு நாலு பாரா எழுதிட்டு ஸ்டார் போட்டு முடிச்சுடுறாங்க. எனக்கு அதவிட முக்கியமா படுறது, இந்த ஆப்ப நடத்த காசு எங்கிருந்து வருது, காசு போட்டவங்க நாளைக்கு பதிலுக்கு என்ன கேப்பாங்க, கம்பெனி ஒரு நாள் கைய விரிச்சுட்டா என் சாட்டும் கான்டாக்ட்டும் என்ன ஆகும்ங்கறது தான். அதனால ஆப்ப பத்தியும் சொல்றேன் காச பத்தியும் சொல்றேன், ரெண்டும் ஒன்னோட ஒன்னு பின்னிக்கிட்டு தான் கிடக்கு.

லண்டன்ல இருக்குற சின்ன கம்பெனி இது, ஆரம்பிச்சவர் எவ்ஜெனி பொபெரெஸ்கின். கோட் முழுக்க ஓப்பன், யார் வேணா எடுத்து மாத்தலாம் ஆனா மாத்துனதையும் ஓப்பனா வெளியிடணும்ங்கற ஏஜிபிஎல் லைசென்ஸ், ஆப்பும் சர்வரும் ரெண்டுமே. ப்ளே ஸ்டோர், ஓப்பன் கோட் ஆப்புக்கான எஃப் ட்ராய்டு, ஆப் ஸ்டோர் எல்லாத்துலயும் கிடைக்குது.

எங்க அக்கா வீட்டுக்காரருக்கு இத போட்டு குடுத்தப்ப நடந்தத சொன்னா ஆப் எப்படினு உடனே புரியும். இன்ஸ்டால் பண்ணி ஓப்பன் பண்ணவுடனே பேர் மட்டும் கேட்டுச்சு. "மாப்ள, நம்பர் எங்க போடுறது?"ன்னார். நம்பர் வேணாம் மாமா, பேர் மட்டும் போதும், அதுவும் உங்க இஷ்டம் தான்னேன். "ஓடிபி வராதா?" வராது. "அப்ப உன்ன எப்படி தேடுறது?" தேடவே முடியாது மாமா, நான் லிங்க் குடுத்தா தான் நீங்க உள்ள வர முடியும்னு சொல்லி என் போன்ல ஒருதடவ லிங்க் ஒன்னு உருவாக்கி அதோட க்யூஆர காட்டினேன், அவர் ஸ்கேன் பண்ணார், ரெண்டு மூணு செகண்ட் கனெக்டிங்னு காட்டிட்டு கனெக்ட் ஆயிடுச்சு. அந்த க்யூஆர வேற ஒருத்தர் மறுபடி ஸ்கேன் பண்ணா வேலை செய்யாது. அப்புறம் ரெண்டு போன்லயும் செக்யூரிட்டி கோட் பக்கத்த திறந்து ஒருத்தர் கோட ஒருத்தர் ஸ்கேன் பண்ணி வெரிஃபை பண்ணிக்கிட்டோம், நடுவுல யாரும் புகுந்து லிங்க்க மாத்தலனு உறுதி பண்ண அது. நேர்ல இருக்கும்போதே இத பண்ணிடுங்க.

இதுல யூசர் ஐடினு ஒன்னு கிடையவே கிடையாதுங்கறது தான் பெரிய விஷயம். மத்த மெசஞ்சர பாருங்க, சிக்னல்ல போன் நம்பர் வச்சு தான் ரிஜிஸ்டர் பண்ணணும், மேட்ரிக்ஸ்ல இன்ன சர்வர்ல இன்னார்னு ஒரு விலாசம், செஷன்ல நீளமா ஒரு ஐடி. சிம்பிள்எக்ஸ்ல அந்த மாதிரி ரேண்டம் நம்பர் கூட கிடையாது. எனக்கும் மாமாவுக்கும் நடுவுல மட்டும் தபால் பெட்டி மாதிரி ரெண்டு க்யூ, அவர்கிட்ட இருந்து எனக்கு வர ஒன்னு, என்கிட்ட இருந்து அவருக்கு போக ஒன்னு. அக்காகூட பேசுனா அதுக்கு வேற ரெண்டு. மாமா பேசுறதும் அக்கா பேசுறதும் ஒரே ஆள்கிட்ட தான்னு சர்வர் பதிவு பண்ணி வைக்க அதுகிட்ட ஒரு பேரும் இல்ல. இன்னொன்னு, எனக்கு மெசேஜ் வர்ற க்யூ எந்த சர்வர்ல இருக்கணும்னு நான் தான் முடிவு பண்றேன், மாமாவுக்கு வர்றது எங்க இருக்கணும்னு அவர் முடிவு பண்ணலாம், ரெண்டு பேரும் ஒரே சர்வர்ல இருக்கணும்னு அவசியம் இல்ல. இத ஞாபகம் வச்சுக்கோங்க, காசு பத்தி பேசும்போது மறுபடி வரும்.

ஆனா ஐடி இல்லனா கூட நெட்ல நம்ம கனெக்ஷனோட விலாசமான ஐபி அட்ரஸ்னு ஒன்னு இருக்கே. 2024 ஜூன்ல வந்த 5.8 வெர்ஷன்ல அதுக்கு ஒரு வழி பண்ணாங்க, நம்ம மெசேஜ் முதல்ல நம்ம செட்டிங்ஸ்ல இருக்குற ஒரு சர்வருக்கு போய் அங்கிருந்து எதிராளியோட சர்வருக்கு போகும், அதனால எதிராளி வச்சிருக்குற சர்வருக்கு நம்ம ஐபி தெரியாது. நல்ல ஐடியா, ஆனா அப்போ ஆப்போட கூட வர்ற ரெடிமேட் சர்வர்கள் எல்லாமே ஒரே கம்பெனியோடது. முதல் சர்வரும் அவங்க கையில ரெண்டாவது சர்வரும் அவங்க கையில இருந்தா யார் எப்போ வந்தாங்கங்கற ரெண்டு பக்க லாகையும் (பதிவையும்) ஒன்னா வச்சு பாக்க மாட்டாங்கங்கறதுக்கு அவங்க வாய்வார்த்தை தான் கேரண்டி. 2024 டிசம்பர்ல வந்த 6.2 வெர்ஷன்ல ஃப்ளக்ஸ்னு இன்னொரு கம்பெனியையும் சர்வர் ஆபரேட்டரா சேர்த்தாங்க. செட்டிங்ஸ்ல நெட்வொர்க் அண்ட் சர்வர்ஸ் போனா ரெண்டு ஆபரேட்டரும் தனித்தனியா இருக்கும், ரெண்டையும் ஆன்ல வச்சா ஒரு மெசேஜோட பாதையில முடிஞ்சவரை வேற வேற ஆபரேட்டர் வர்ற மாதிரி ஆப் பாத்துக்கும். ரெண்டையும் ஆன்லயே விடுங்க. என்ன பொறுத்தவரை இந்த ஆப்ல வந்த மாற்றத்துலயே இது தான் ரொம்ப முக்கியமானது, ஏன்னா நம்பிக்கைய ஒரே கம்பெனி மேல வைக்காம பிரிச்சு வைக்குது.

கோட பத்தி சொல்லணும்னா ட்ரெயில் ஆஃப் பிட்ஸ்ங்கற செக்யூரிட்டி கம்பெனி 2022-ல ஒருதடவ ஆடிட் பண்ணாங்க, ஹை லெவல் ஓட்டை எதுவும் வரல, 2024-ல புரோட்டோகால் டிசைன மறுபடி பாத்தாங்க. குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தாலும் உடைக்க முடியாத மாதிரி டிசைன் பண்ண கீ எக்ஸ்சேஞ்ச, அதாவது ரெண்டு போனும் ரகசிய சாவிய ஒத்துக்கிற முறைய, 2024 மார்ச்ல சேர்த்தாச்சு. இந்த சைஸ் கம்பெனிக்கு இது நல்ல ரெக்கார்ட்.

இப்போ காசு. 2022-ல வில்லேஜ் குளோபல்ங்கற வென்ச்சர் கேபிடல் (வி.சி.) ஃபண்ட், அதாவது புது கம்பெனிகள்ல பங்குக்கு முதலீடு பண்றவங்க, இதுல காசு போட்டுச்சு. அந்த ஃபண்டுக்குள்ள காசு போட்டவங்க லிஸ்ட்ல ஜெஃப் பெசோஸ், பில் கேட்ஸ், மார்க் ஸக்கர்பெர்க் பேரெல்லாம் இருக்கு. அதுக்கப்புறம் 2024 ஆகஸ்ட்ல ஜாக் டோர்சி, அதான் ட்விட்டர ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், அவர் முன்னாடி நின்னு 13 லட்சம் டாலர், கூட அசிமெட்ரிக் கேபிடல் பார்ட்னர்ஸ்னு ஒரு ஃபண்ட். இதுக்கு மேல யூசர்ஸ் குடுக்குற டொனேஷன். வாட்ஸ்அப் வேணாம்னு இங்க வந்த நிறைய பேருக்கு ஸக்கர்பெர்க் பேர பாத்தவுடனே தூக்கிவாரிப் போடும், அது நியாயமான பயம் தான். ஆனா அவர் அந்த ஃபண்டுல காசு போட்ட பல பேர்ல ஒருத்தர், ஃபண்ட் இந்த கம்பெனில ஒரு சின்ன பங்கு வச்சிருக்கு, அத வச்சு அவர் வந்து இந்த கோட மாத்துனு சொல்ல முடியாது, அப்படி மாத்துனாலும் கோட் ஓப்பனா இருக்கு, பாக்குறவங்க இருக்காங்க. எனக்கு பயம் வேற இடத்துல.

வி.சி. காசுனா அது தானம் இல்ல. போட்டதுக்கு பல மடங்கா திரும்பி வரணும்னு தான் போடுறாங்க, வர்ற வழி ரெண்டு தான், ஒன்னு கம்பெனி நல்லா சம்பாதிக்கணும் இல்லனா யாராவது வாங்கணும். ஐடியே இல்லாத ஆப், விளம்பரம் போட டேட்டா இல்ல, யூசர் எத்தன பேருனு சரியா எண்ணக்கூட கஷ்டம், இதுல எத வித்து சம்பாதிப்பாங்க? பெரிய குரூப் நடத்துறவங்க சர்வருக்கு காசு குடுக்குற மாதிரி வவுச்சர்னு ஒரு ஐடியா சொல்லியிருக்காங்க, அந்த காச சர்வர் நடத்துறவங்களும் ஆப் எழுதுறவங்களும் பங்கு போட்டுக்குவாங்களாம். எனக்கு இது பிடிச்சிருக்கு, யார் யூஸ் பண்றாங்களோ அவங்களே குடுக்குற காசு தான் நிலைக்கும். ஆனா காசு கட்டுன இடத்துல ஒரு அடையாளம் ஒட்டிக்கும், அத ஒட்டாம எப்படி பண்றாங்கங்கறத வச்சு தான் இதுக்கு மார்க் போட முடியும்.

13 லட்சம் டாலர்ங்கறது கேக்க பெருசா இருக்கும். சிக்னலோட கணக்க பக்கத்துல வச்சு பாருங்க. 2023 நவம்பர்ல அவங்களே வெளியிட்டாங்க, சர்வர், ஸ்டோரேஜ், எஸ்எம்எஸ் மாதிரி செலவுக்கு மட்டும் வருஷத்துக்கு சுமார் 1.4 கோடி டாலர், அதுல ரிஜிஸ்டர் பண்ண வர்ற ஓடிபி எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும் 60 லட்சம் டாலர், 2025 வாக்குல சம்பளம் எல்லாம் சேர்த்து வருஷம் 5 கோடி டாலர தொடும்னு சொன்னாங்க. வாட்ஸ்அப்ப ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரான பிரையன் ஆக்டன் 2018-ல 5 கோடி டாலர் குடுத்தது தான் சிக்னல் ஃபவுண்டேஷனுக்கு அஸ்திவாரம். சிம்பிள்எக்ஸுக்கு எஸ்எம்எஸ் செலவே கிடையாது, நம்பர் கேக்காம இருக்குறதுல பிரைவசி மட்டும் இல்ல காசும் மிச்சம். சர்வர்ல மெசேஜும் நிரந்தரமா தங்காது, வாங்கலனா 21 நாள்ல அழிஞ்சுடும், ஃபைல் 48 மணி நேரம் தான். அதனால ஸ்டோரேஜ் செலவு கம்மி. ஆனா சம்பளம்னு ஒன்னு இருக்குல்ல, இந்த காசு ஒரு சின்ன டீமுக்கு கொஞ்ச காலத்துக்கு தான் தாங்கும்.

வேற எவனாவது இந்த காசு பிரச்சனைய ஒழுங்கா தீத்துட்டானானு பாத்தா இல்ல. மேட்ரிக்ஸ பிரான்ஸ் அரசாங்கம் ட்சாப்னு போட்டு ஓட்டுது, ஜெர்மன் ராணுவம் ஓட்டுது, ஆனா அந்த புரோட்டோகால பாத்துக்கிற ஃபவுண்டேஷன் 2025 பிப்ரவரில, மார்ச் முடியறதுக்குள்ள ஒரு லட்சம் டாலர் தேறலனா வேற ஆப்களோட இணைக்கிற பிரிட்ஜ் எல்லாத்தையும் மூடணும்னு எழுதுற நிலைமை. அரசாங்கம் ஓசில எடுத்து ஓட்டுறப்ப அடியில இருக்குறவங்களுக்கு போதுமான காசு போய் சேரலங்கறது எனக்கு உண்மையிலேயே கோவம் வர்ற விஷயம். செஷன் 2025 மே மாசம் சொந்தமா கிரிப்டோ டோக்கன் விட்டாங்க, நோட், அதாவது மெசேஜ கடத்துற சர்வர, ஓட்டுறவங்க டோக்கன அடமானமா பூட்டி வச்சு சம்பாதிக்கணும். டோக்கன் விலை விழுந்தா நோட் ஓட்டுறவங்க என்ன பண்ணுவாங்க, என் மெசேஜ் ஏன் ஒரு மார்க்கெட் விலைய நம்பி இருக்கணும், எனக்கு அது ஒத்து வரல. டெல்டா சாட், பிரையர் மாதிரி மெசஞ்சர் எல்லாம் பெரும்பாலும் கிராண்ட்ல, அதாவது நிதியுதவில ஓடுது, நெதர்லாந்தோட என்எல்நெட், அமெரிக்காவோட ஓப்பன் டெக்னாலஜி ஃபண்ட் மாதிரி இடத்துல இருந்து. அமெரிக்க அரசு 2025 மார்ச்ல அந்த ஃபண்டோட காசையே நிறுத்தப் போய் அவங்க கோர்ட்டுக்கு போக வேண்டியதாச்சு. ஆக, எந்த காசும் நிச்சயம் இல்ல, அப்ப காசு நின்னா என்ன ஆகும்னு பாத்து தான் ஆப்ப எடை போடணும்.

அந்த கண்ணோட்டத்துல சிம்பிள்எக்ஸ பாத்தேன். நாளைக்கே கம்பெனி மூடிட்டாங்கனு வைங்க. போன்ல இருக்குற பழைய சாட் எல்லாம் அப்படியே இருக்கும், சர்வர்ல எதுவும் இல்லங்கறதால. ஆனா கான்டாக்ட் ஒவ்வொன்னும் ஒரு சர்வர்ல இருக்குற க்யூவோட கட்டி வச்சிருக்கு. அந்த சர்வர் அணைஞ்சா அந்த கான்டாக்ட் போச்சு, ஐடி இல்லாததால மறுபடி தேடி கண்டுபிடிக்கவும் முடியாது, வேற வழில புது லிங்க் அனுப்பி தான் சேரணும். எந்த டிசைன் பிரைவசி குடுக்குதோ அதே தான் இங்க கால வாரும். தப்பிக்க ஒரு வழி இருக்கு, கான்டாக்ட் இன்ஃபோல ரிசீவிங் அட்ரஸ மாத்துற ஆப்ஷன் இருக்கு, அத அழுத்துனா க்யூ புது சர்வருக்கு மாறும், எதிராளியோட ஆப்பும் ஆன்லைன் வந்து கைகுலுக்குனா முடிஞ்சது. முன்கூட்டி அறிவிச்சு மூடுனாங்கனா நிதானமா மாத்திக்கலாம், ராத்திரியோட ராத்திரியா அணைச்சுட்டா முடியாது.

அதனால தான் சொந்த சர்வர் போட்டேன். சின்ன விபிஎஸ், அதாவது நெட்ல வாடகைக்கு கிடைக்குற ஒரு குட்டி சர்வர் போதும், டாக்கர்ங்கற டூல்ல ஏத்துனா ஒரு சாயங்காலத்துக்குள்ள முடியுற வேலை, கடைசில சர்வரோட ஃபிங்கர்பிரின்ட்டும் சேர்ந்த ஒரு நீள அட்ரஸ் குடுக்கும், அத ஆப்ல போட்டு டெஸ்ட் பட்டன அழுத்துனா டிக் வரும். அந்த ஃபிங்கர்பிரின்ட் இருக்குறதால வேற எவனும் அந்த பேர்ல போலி சர்வர் போட்டு ஏமாத்த முடியாது. ஒருதடவ நான் விபிஎஸ் எடுத்த ஹோஸ்டிங் கம்பெனியோட டேட்டா சென்டர் நாள் பூரா டவுன், சப்போர்ட்ல ஒரு பதிலும் இல்ல. அன்னிக்கு என்கிட்ட இருந்து மாமாவுக்கு போறதெல்லாம் ஒழுங்கா போய் சேர்ந்துச்சு, ஏன்னா ரெடிமேட் சர்வரையும் ஆன்ல விட்டிருந்தேன், அவரோட க்யூவும் ரெடிமேட் சர்வர்ல தான் இருந்துச்சு. அவர் எனக்கு அனுப்புனது எல்லாம் அவர் போன்லயே போகாம நின்னுட்டு இருந்துச்சு, சர்வர் வந்தவுடனே ஒன்னு விடாம வந்து கொட்டுச்சு. எதுவும் தொலையல. இந்த ஒரு விஷயத்துல எனக்கு இந்த ஆப் மேல மரியாத கூடுச்சு.

ஆனா சொந்த சர்வர்ல ஒரு சிக்கல் யாரும் சொல்றதில்ல. உங்க சர்வர்ல உங்க வீட்டு ஆளுங்க நாலு பேர் மட்டும் இருந்தா, அந்த சர்வருக்கு வர்ற போற டிராஃபிக்க வெளிய இருந்து பாக்குறவனுக்கு யார் யாரோட பேசுறாங்கனு கண்டுபிடிக்கிறது ஈசி. ஆயிரக்கணக்கானவங்க இருக்குற பொது சர்வர்ல கூட்டத்தோட கலந்துடலாம். கம்பெனி போயிடும்ங்கற பயத்துக்கு சொந்த சர்வர், யாராவது கவனிக்கிறாங்கங்கற பயத்துக்கு பொது சர்வர், உங்களுக்கு எது பெருசோ அத பாத்துக்கோங்க.

கோட் ஓப்பன் தான, கம்பெனி போனா வேற யாராவது எடுத்து நடத்துவாங்கனு சொல்றவங்க ரெண்டு விஷயம் பாக்கணும். ஆப்போட மையப் பகுதி முழுக்க ஹாஸ்கெல்ங்கற புரோகிராமிங் மொழில எழுதியிருக்கு, அதுல கை வைக்க தெரிஞ்சவங்க ரொம்ப கம்மி. அப்புறம் ஐபோன்ல உடனே நோட்டிஃபிகேஷன் வரணும்னா கம்பெனியோட நோட்டிஃபிகேஷன் சர்வர் வழியா ஆப்பிளுக்கு போய் தான் வரணும், ஐபோன் வச்சிருக்குறவங்களுக்கு இது டிசென்ட்ரலைஸ்டு, அதாவது ஒரே கம்பெனிய நம்பி இல்லனு முழு மனசோட சொல்ல எனக்கு வாய் வரல. ஆண்ட்ராய்டுல கூகுள் வழியா போகாது, ஆப்பே பின்னாடி ஓடிட்டு இருக்கும், அதனால பேட்டரி கொஞ்சம் குடிக்கும்.

கம்பெனி பிரிட்டன்ல இருக்குறதும் எனக்கு நெருடல் தான். 2025 பிப்ரவரில ஆப்பிள் மாதிரி பெரிய கம்பெனியே பிரிட்டன் அரசு நெருக்குனதால அங்க ஐகிளவுட்ல அட்வான்ஸ்டு என்க்ரிப்ஷன புதுசா யாருக்கும் குடுக்கறதில்லனு நிறுத்துச்சு. செஷன்காரங்க ஆஸ்திரேலிய போலீஸ் வந்து விசாரிச்சதுக்கு அப்புறம் 2024-ல சுவிட்சர்லாந்துல ஃபவுண்டேஷன் போட்டு அங்க மாத்திட்டாங்க. நம்ம ஊர்லயும் 2023 மே மாசம் எலிமென்ட், பிரையர், த்ரீமா எல்லாம் சேர்த்து 14 ஆப்ப தகவல் தொழில்நுட்ப சட்டம் 69ஏ பிரிவுல பிளாக் பண்ணாங்க, 2025 நவம்பர் கடைசில சிம் போன்ல இருந்தா தான் வாட்ஸ்அப், சிக்னல், ஜோஹோவோட அரட்டை மாதிரி ஆப் வேலை செய்யணும்னு டெலிகாம் துறை உத்தரவு போட்டுச்சு. நம்பரே கேக்காத ஆப்புக்கு இங்க எவ்வளவு நாள் இடம் இருக்கும்ங்கற கேள்விய ஒதுக்கிட்டு ரிவ்யூ எழுத முடியாது.

இன்னொன்னும் சொல்லிடணும். டெலிகிராம் ஓனர் பவெல் துரோவ் 2024 ஆகஸ்ட்ல பிரான்ஸ்ல கைதானதுக்கு அப்புறம் அங்க இருந்த நாஜி கூட்டங்கள் சில இங்க வந்ததா செய்தி வந்துச்சு. எனக்கு இது கசப்பா இருக்கு. ஆனா அதே கதவு தான் மிரட்டலுக்கு பயந்து வாழுற ஒரு பொண்ணுக்கும் ஒரு பத்திரிகைக்காரருக்கும் திறந்து இருக்கு, அத மூடச் சொல்ல எனக்கு மனசு வரல.

தினசரி யூஸ்ல கடுப்பாகுற இடங்கள்னா, ஒரே புரொஃபைல ரெண்டு போன்ல ஓட்ட முடியாது. லேப்டாப்ல பாக்கணும்னா போனும் லேப்டாப்பும் ஒரே வைஃபைல இருக்கணும், போன்ல ஆப் திறந்தே இருக்கணும். பேக்கப்ப எடுத்து ரெண்டு இடத்துல ஒரே நேரம் ஓட்டுனா சாட் உடைஞ்சுடும், போன் மாத்துனா மைக்ரேட் ஆப்ஷன் வழியா க்யூஆர் ஸ்கேன் பண்ணி மாத்துங்க, அது நல்லா வேலை செய்யுது. குரூப் சின்னதா இருக்குற வரைக்கும் ஓகே, ஒவ்வொரு மெசேஜும் ஒவ்வொரு மெம்பருக்கும் தனித்தனியா போறதால கூட்டம் கூடக் கூட இழுக்கும். வாய்ஸ் கால் சுமார்.

முழு சொந்தக்காரங்களையும் இதுக்கு இழுத்துட்டு வாங்கனு சொல்ல மாட்டேன், அவங்களுக்கு சிக்னலே போதும். வக்கீல், பத்திரிகைக்காரங்க, யூனியன்ல இருக்கவங்க, நம்பர் குடுக்காம பேச வேண்டிய நிலைமைல இருக்குற யாரா இருந்தாலும் தாராளமா போடுங்க. போட்டவுடனே செட்டிங்ஸ்ல டேட்டாபேஸ் பாஸ்ஃபிரேஸ நீங்களே ஒன்னு வச்சு மாத்திடுங்க, ஆப் தானா போட்ட ரேண்டம் பாஸ்ஃபிரேஸ மாத்தாம பேக்கப் எடுக்க முடியாது. முக்கியமானவங்கள மட்டும் வேற ஒரு வழிலயும் தொடர்புல வச்சுக்கோங்க. கிட்ஹப், ஓப்பன் கலெக்டிவ் வழியா டொனேஷன் வாங்குறாங்க, நான் மாசாமாசம் கொஞ்சம் போடுறேன். என் மார்க் அஞ்சுக்கு நாலு, வவுச்சர் வந்து கம்பெனி இன்வெஸ்டர் காசு இல்லாம சர்வர் வாடகைய கட்ட ஆரம்பிச்சாங்கனா அந்த மிச்ச ஒன்னையும் குடுத்துடுவேன்.